பழைய உலகம், புதிய உலகம்: கோடு எங்கே விழுந்தது?

ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா மூன்றும் ‘பழைய உலகம்’, அமெரிக்கக் கண்டங்கள் ‘புதிய உலகம்’ என்று பாடப்புத்தகங்கள் பிரிக்கின்றனவே, மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்த ஒரு நிலம் எப்படிப் புதியதாகும், இந்தப் பிரிவை யார் செய்தார்கள், இன்றும் இந்தச் சொற்களைப் பயன்படுத்தலாமா என்பது கேள்வி. ‘ஐரோப்பியர்களுக்கு அது தெரியாமல் இருந்தது, அதனால் புதியது’ என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதிதான் சரி. சைபீரியாவின் பெரும்பகுதியும் அவர்களுக்குத் தெரியாமல்தான் இருந்தது. ரஷ்யர்கள் அந்தப் பக்கமாக நடந்து ஓகோட்ஸ்க் கடற்கரையைத் தொட்டதே 1639-இல்தான், அதாவது கொலம்பஸுக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து. ஆனாலும் சைபீரியாவை யாரும் புதிய உலகம் என்று அழைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் முனையை பார்த்தலோமியு டயஸ் சுற்றியது 1488-இல். கொலம்பஸ் புறப்பட அப்போது நான்கு ஆண்டுகள்தான் இருந்தன. அதுவும் பழைய உலகமாகவே நின்றுவிட்டது. ஆகவே ‘தெரியும், தெரியாது’ என்பதை அளக்க வேறொரு அளவுகோல் இருந்திருக்க வேண்டும். அந்த அளவுகோல் ஒரு புத்தகம் என்பது என் பதில். அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் கி.பி. 150 வாக்கில் தாலமி என்ற கிரேக்க அறிஞர் ‘புவியியல்’ என்ற நூலை எழுதினார். சுமார் 8,000 ஊர்கள், ஆறுகள், முனைகளின் பெயரைத் தந்து, ஒவ்வொன்றுக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறித்துவைத்த நூல் அது. மேற்கே கேனரித் தீவுகளில் தொடங்கிக் கிழக்கே சீனம் வரை 180 பாகை. வடக்கே 63 பாகையில், உலகின் வடகோடி என்று அன்று கருதப்பட்ட தூலே தீவு, தெற்கே பூமத்திய ரேகையைத் தாண்டி 16 பாகை. இந்தச் சட்டத்துக்குள் அடங்கியதுதான் மனிதர் வாழும் உலகம். சட்டத்தின் ஓரங்களில் ‘அறியப்படாத நிலம்’ என்று அவர் எழுதினார். தெற்கே அந்த அறியப்படாத நிலம் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் இணைத்து ஓடியதால், இந்தியப் பெருங்கடல் நாலாபுறமும் கரையுள்ள ஏரிபோல ஆகிவிட்டது.

நம் ஊர்களும் அந்தச் சட்டத்துக்குள் இருக்கின்றன. முசிறி, கொற்கை, பாண்டியரின் மதுரை, காவிரிக் கழிமுகத்துத் துறைமுகம், சேரரின் கரூர் என்று தாலமி வரிசையாகக் குறிக்கிறார். இலங்கையைத் ‘தப்ரபானே’ என்ற பெயரில் உண்மையான அளவைப் போலப் பல மடங்கு பெரிதாக்கிப் போட்டிருக்கிறார். மிளகு வணிகத்துக்கு வந்துபோன மாலுமிகள் சொன்ன தகவல் அலெக்சாந்திரியாவுக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் நாம் ‘தெரிந்த உலகத்தில்’ சேர்ந்தோம். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோடு வந்தபோது ஐரோப்பாவில் எவரும் ‘புதிய நிலம் கிடைத்தது’ என்று சொல்லாததற்குக் காரணமும் அதுவே. அவர்கள் புதிதாகக் கண்டது வழியைத்தான். நிலம் தாலமியிடம் ஏற்கெனவே இருந்தது.

சரி, ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைய நூல் எப்படிப் பதினைந்தாம் நூற்றாண்டின் அளவுகோலானது? அரபு அறிஞர்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே தாலமியைப் படித்துத் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டார்கள். மேற்கு ஐரோப்பாவுக்கு அது தாமதமாகத்தான் கிடைத்தது. ஃபிளாரன்ஸில் 1406-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் யாகோப்போ ஆஞ்செலி அதை லத்தீனில் மொழிபெயர்த்தார். 1477-இல் பொலோன்யாவில் வரைபடங்களோடு அச்சாகியும் விட்டது. அதற்கு முன்பு அங்கே புழங்கிய உலகப் படங்களில், நோவாவின் மூன்று மகன்களுக்கு மூன்று கண்டங்கள் என்று பைபிள் கணக்குப்படி பிரித்த வட்டம், நடுவில் எருசலேம் என்ற அமைப்பே அதிகம். அதன் பக்கத்தில் தாலமியின் கட்டம்போட்ட படம் வந்து நின்றபோது படித்தவர்கள் அசந்துபோனார்கள். கிடைத்த நேரமும் முக்கியம். அச்சு இயந்திரம் வந்து, கப்பல்கள் அட்லாண்டிக்கில் இறங்கத் தொடங்கிய அதே தலைமுறையின் கையில் இந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு எந்த மாலுமி எதைப் பார்த்துவிட்டு வந்தாலும் முதலில் எழுந்த கேள்வி, ‘இது தாலமியில் இருக்கிறதா?’ என்பதுதான்.

கொலம்பஸ் இந்தப் புத்தகத்தின் பிள்ளை. பூமியின் சுற்றளவை எரடோஸ்தெனீஸ் என்ற கிரேக்க அறிஞர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓரளவு சரியாகக் கணக்கிட்டிருந்தார். தாலமி எடுத்துக்கொண்டதோ அதைவிடச் சிறிய அளவு. கொலம்பஸ் அதையும் சுருக்கி, ஆசியாவைக் கிழக்கே இன்னும் இழுத்துவைத்துக் கணக்குப் போட்டார். கேனரித் தீவுகளிலிருந்து ஜப்பானுக்குச் சுமார் 4,500 கிலோமீட்டர் என்று அவருக்கு விடை வந்தது. உண்மையான தூரம் அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். 1492 அக்டோபர் 12 அன்று அவர் இறங்கிய தீவுக்கு அங்கிருந்தவர்கள் வைத்திருந்த பெயர் குவானஹானி. அதை அவர் ஆசியாவின் ஓரம் என்றே நினைத்தார். இரண்டாம் பயணத்தில், 1494-இல், கியூபா ஒரு தீவல்ல, ஆசியப் பெருநிலம் என்று தன் மாலுமிகளிடம் சத்தியமே வாங்கினார். பிற்பாடு மாற்றிப் பேசினால் அபராதம், அதோடு நாக்கையும் அறுப்போம் என்பது நிபந்தனை. ஒரு நிலம் எந்தக் கண்டத்தைச் சேர்ந்தது என்பதற்கு நாக்கைப் பணயம் வைத்த இந்த நிகழ்ச்சியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். புத்தகத்துக்கு வெளியே ஒரு நிலம் இருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்கிறது.

மூன்றாம் பயணத்தில் அவருக்கே ஆட்டம் கண்டது. 1498 ஆகஸ்டில் தென்னமெரிக்காவின் ஒரினோகோ ஆற்று முகத்துவாரத்தருகே கடலே நன்னீராக இருந்தது. அவ்வளவு நீர் வரவேண்டுமென்றால் பின்னால் பெரிய கண்டம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று புரிந்துகொண்டு, இதுவரை யாரும் அறியாத பெருநிலம், ‘வேறோர் உலகம்’ என்று எழுதினார். ஆனால் அதையும் ஆசியாவுக்குப் பக்கத்தில் வைத்து, பைபிள் சொல்லும் ஏதேன் தோட்டம் இங்கேதான் எங்கோ இருக்கும் என்று முடித்தார். 1506-இல் இறக்கும்வரை ஆசியாவைத் தொட்டதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

‘புதிய உலகம்’ என்ற பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது 1503 வாக்கில் லத்தீனில் அச்சான ஒரு சின்னஞ்சிறு கடிதம். அமெரிகோ வெஸ்புச்சி போர்ச்சுகலுக்காகப் பிரேசில் கரையோரம் தெற்கே பயணம் செய்ததைச் சொல்வது. அவர் பெயரில் வந்ததே தவிர, அதை அப்படியே அவர்தான் எழுதினாரா என்று வரலாற்றாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். அதில் வரும் வாதத்தைக் கவனிக்க வேண்டும். ‘இந்த நாடுகளை நம் முன்னோர் அறியவில்லை, பூமத்திய ரேகைக்குத் தெற்கே கடல்தான் இருக்கிறது, நிலம் இருந்தாலும் அங்கே மனிதர் வாழமுடியாது என்றே அவர்கள் சொன்னார்கள், ஆகவே இதைப் புதிய உலகம் என்று அழைக்கலாம்’ என்பது அதன் சாரம். இந்த வாதத்தில் ‘நமக்குத் தெரியாது’ என்பதைவிட ‘முன்னோருக்குத் தெரியாது’ என்பதுதான் கனமானது. முன்னோர் என்றால் கிரேக்க, ரோமானிய நூலாசிரியர்கள். அவர்கள் எழுதியது பழைய உலகம், எழுதாதது புதிய உலகம்.

இதைப் படமாகவே வரைந்து காட்டிவிட்டார்கள். இன்றைய பிரான்ஸின் கிழக்கே வோஜ் மலைகளில் உள்ள சான் தியே என்ற சிற்றூரில் 1507-இல் மார்ட்டின் வால்ட்சீமுல்லர், மத்தியாஸ் ரிங்மன் என்ற இரு அறிஞர்கள் 12 தாள்களில் ஒரு மாபெரும் உலகப் படத்தை அச்சிட்டார்கள். ‘அமெரிக்கா’ என்ற பெயர் முதன்முதலில் ஒரு வரைபடத்தில் ஏறியது அதில்தான். அந்தப் பெயருக்காகவே எல்லோரும் அந்தப் படத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். என் கண் போவது அதன் மேல்விளிம்புக்கு. அங்கே இரண்டு உருவங்கள். இடப்பக்கம் தாலமி, அவர் அருகே ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா அடங்கிய அரைக்கோளம். வலப்பக்கம் வெஸ்புச்சி, அவர் அருகே அமெரிக்கா அடங்கிய அரைக்கோளம். ஆளுக்கொரு பாதியாக உலகம் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. பழைய பாதி புத்தகத்துக்காரருடையது, புதிய பாதி கப்பல்காரருடையது. பாடப்புத்தகங்கள் சொல்லும் பிரிவுக்கு இதைவிடத் தெளிவான பிறப்புச் சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஒரேயொரு பிரதிதான் தப்பிப் பிழைத்தது. தெற்கு ஜெர்மனியின் வோல்ஃபெக் கோட்டையில் 1901-இல் ஒரு பாதிரியார் அதைக் கண்டெடுத்தார். 2003-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

வால்ட்சீமுல்லருக்கே பிற்பாடு தயக்கம் வந்தது. 1513-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அவரது உழைப்போடு வெளிவந்த தாலமி பதிப்பில், புதிய நிலத்துக்கான படத்தில் ‘அமெரிக்கா’ என்ற பெயர் இல்லை. இந்த நிலத்தைக் கண்டவர் கொலம்பஸ் என்று ஒரு குறிப்பும், நிலத்தின்மேல் ‘அறியப்படாத நிலம்’ என்ற பழைய எழுத்தும் இருக்கின்றன. அதற்குள் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டதால் திரும்பப் பெற முடியவில்லை. அந்தப் பதிப்பின் கட்டமைப்பும் பார்க்கத் தகுந்தது. தாலமியின் 27 பழைய படங்கள் முதல் பகுதி. 20 புதிய படங்கள் தனிப் பகுதி. பழையதைத் திருத்திப் புதியதோடு கலக்காமல், இரண்டையும் தனித்தனியாக வைத்துவிட்டார்கள். பழைய நூல் புனிதமாகவும் இருக்கவேண்டும், மாலுமிக்குப் பயன்படும் படமும் வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

வரலாற்றுப் புவியியல் என்று இன்று நாம் சொல்லும் துறை பிறந்ததே இந்தப் பிளவில்தான். ஆன்ட்வெர்ப் நகரின் ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் 1570-இல் தற்கால உலகுக்கான படநூலை வெளியிட்டார். நவீன அட்லஸ்களில் முதலாவது என்று அதைச் சொல்வார்கள். 1579 முதல் அதன் பின்னிணைப்பாகப் பண்டைய உலகுக்கென்றே தனிப் படங்களைத் தானே வரைந்து சேர்த்தார். 1590-இல் அவர் வரைந்த ஒன்றில் முழு உலகுக்கும் உரிய நீள்வட்டச் சட்டம் இருக்கிறது, அதற்குள் பண்டையோர் அறிந்த பகுதி மட்டும் நிரப்பப்பட்டிருக்கிறது, மற்றதெல்லாம் வெற்றிடம். ஓர் அறிவின் எல்லையையே நிலப்படமாக்கியது அது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் தான்வீல் ‘பண்டையோர் அறிந்த உலகம்’ என்ற தலைப்பிலேயே 1763-இல் ஒரு படம் வெளியிட்டார். இதே மனிதர்தான் 1749-இல் ஆப்பிரிக்காவின் படத்தை வரைந்தபோது, கேள்விப்பட்டு எழுதிய மலைகளையும் ஏரிகளையும் அழித்துவிட்டு, உறுதியாகத் தெரியாத இடங்களை வெறுமையாகவே விட்டவர். அந்த நேர்மைமேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றைப் பாருங்கள்: ஆப்பிரிக்காவின் உட்பகுதி அவ்வளவு வெறுமையாக இருந்தபோதும் அது ‘பழைய உலகம்’தான். பெயர் ஏற்கெனவே பழைய புத்தகத்தில் இருக்கும் ஒரு கண்டத்தோடு நிலவழியாக ஒட்டியிருந்தால் போதும், பழையது என்ற தகுதி கிடைத்துவிடும். சைபீரியாவுக்குக் கிடைத்ததும் அப்படித்தான்.

கிரீன்லாந்து இந்த விதியை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. ஸ்காண்டினேவியாவின் நார்ஸ் மக்கள் பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே குடியேறினார்கள். ரோமாபுரிக்குக் கட்டுப்பட்ட ஆயரும் அங்கே இருந்தார். ஆகவே பதினைந்தாம் நூற்றாண்டில் தாலமியோடு சேர்க்கப்பட்ட வடநாட்டுப் படங்களில் கிரீன்லாந்து இடம்பெற்றது, ஐரோப்பாவிலிருந்து நீண்டுவரும் ஒரு தீபகற்பமாக! இன்றைய கணக்கில் அது வட அமெரிக்கா. அதற்கும் மேற்கே, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் நார்ஸ் குடியிருப்பின் எச்சங்களை 1960-இல் கண்டுபிடித்தார்கள். அங்கே கோடரியால் வெட்டப்பட்ட மரத்துண்டுகள் 1021-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று பின்னர் கணித்திருக்கிறார்கள். கொலம்பஸுக்கு ஏறத்தாழ 470 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியர் அமெரிக்காவில் மரம் வெட்டினார்கள் என்பது இப்போது உறுதி. ஆனாலும் தெற்கே இருந்த அறிஞர்களின் கையில் புழங்கிய நூல்களில் அந்த நிலம் தனியாக ஏறாததால், அது யாருக்கும் பழையதாகவில்லை.

படிப்பாளிகளின் பிரிவாக மட்டும் இது இருந்திருந்தால் இவ்வளவு பேசவேண்டியதில்லை. ‘யாருக்கும் தெரியாத நிலம்’ என்றவுடன் ‘அப்படியானால் யாருடையது?’ என்ற கேள்வி வந்துவிட்டது. 1494 ஜூன் 7 அன்று ஸ்பெயினின் தோர்தெசிய்யாஸ் என்ற ஊரில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஓர் உடன்படிக்கை செய்தன. கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் (அக்காலத் தூர அளவு) தொலைவில் வடக்குத் தெற்காக ஒரு கோடு. அதற்கு மேற்கே ஸ்பெயின், கிழக்கே போர்ச்சுகல். கண்டவை மட்டுமில்லை, இனிமேல் காணப்போகிறவையும் அதில் அடக்கம். அந்த நிலங்களில் வாழ்ந்த எவரும் அந்த மேசையில் இல்லை. பிரேசில் மட்டும் போர்ச்சுகீசிய மொழி பேசுவது இந்தக் கோட்டின் விளைவு. ஆஸ்திரேலியாவில் இதே எண்ணம் வேறு வடிவம் எடுத்தது. 1788-இல் ஆங்கிலேயர் குடியேறியபின், அங்கே உரிமையாளர் எவரும் இல்லாததைப் போலவே சட்டம் நடந்துகொண்டது. மரே தீவுக்காரரான எடி மாபோவும் உடனிருந்தவர்களும் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்றுதான் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டை நிராகரித்தது.

புதிய உலகம் என்று பெயரிடப்பட்டவர்களும் உலகப் படம் வரைந்தார்கள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. பெருவின் ஆண்டிஸ் மலைநாட்டுப் பூர்வகுடி அறிஞர் வமான் போமா 1615 வாக்கில் ஸ்பெயின் மன்னருக்கு ஏறத்தாழ 1,200 பக்கத்தில், 398 சித்திரங்களோடு ஒரு முறையீடு எழுதினார். அதன் உலகச் சித்திரம் ஒன்றில் பெரு மேலே இருக்கிறது, நடுவில் இன்காக்களின் தலைநகரான குஸ்கோ, சுற்றி நான்கு திசைகள், தலைக்குமேல் சூரியன். ஸ்பெயினின் கஸ்தீல் கீழே இருக்கிறது. அவருக்குத் தன் ஊர்தான் உலகின் மையம். அது பழைய உலகமும்கூட. அந்தக் கையெழுத்துப்படி மன்னரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதற்குத் தடயமில்லை. 1908-இல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கிடைத்தது. பசிபிக்கில் ராயதேயா தீவைச் சேர்ந்த துபாயா என்ற மாலுமி-பூசாரி 1769-இல் ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஏறினார். அவர் தந்த தகவலின்படி வரைந்த படத்தின் பிரதியில் 74 தீவுகள் உள்ளன. குக் ‘கண்டுபிடிக்க’ வந்த கடலின் நிலவரைபடம் துபாயாவின் நினைவில் ஏற்கெனவே இருந்தது. அவர் 1770-இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோயால் இறந்தார். தன் படத்தை எப்படி வாசிப்பது என்று விளக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இன்றும் அறிஞர்கள் அதை வாசிக்கும் முறைபற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், தாலமியின் ‘அறியப்படாத தென்நிலம்’ என்ன ஆனது? அது வரைபடங்களில் பதினாறாம் நூற்றாண்டு முழுக்கப் பெரிதாகிக்கொண்டே போனது. யாரும் பார்க்காத கண்டம், ஆனால் ஓர்ட்டேலியஸின் படத்தின் அடிப்பகுதி முழுவதையும் அதுவே அடைத்துக்கொண்டிருந்தது. குக் தன் இரண்டாம் பயணத்தில் 1773 ஜனவரி 17 அன்று அண்டார்க்டிக் வட்டத்தைத் தாண்டி, தென்கடலைச் சுற்றிவந்து, மனிதர் வாழத்தக்க அப்படியொரு பெருங்கண்டம் இல்லை என்று நிரூபித்தபிறகுதான் அது அழிந்தது.

இனி கேள்வியின் மீதிப் பகுதி: இன்று இந்தச் சொற்களைப் பயன்படுத்தலாமா? மனிதர்களைப் பற்றி எழுதும்போது வேண்டாம் என்பேன். ‘அமெரிக்கக் கண்டங்கள்’ என்று சொன்னாலே போதும், யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்ற குழப்பம் வராது. பயிர்களின் வரலாற்றில் அது இன்னும் உதவும் சொல். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தவை. கோதுமை, கரும்பு, குதிரை, மாடு இங்கிருந்து அங்கே போனவை. பெரியம்மையும் அப்படியே போய்க் கணக்கற்ற உயிர்களைக் கொன்றது. நெடுங்காலம் பிரிந்து கிடந்த இரண்டு நிலப்பரப்புகள் என்ற உண்மை இதற்கெல்லாம் பின்னால் இருக்கிறது.

உயிரியலில் மட்டும் கோடு வேறு கதை சொல்கிறது. பழைய உலகக் குரங்கு, புதிய உலகக் குரங்கு என்ற பகுப்பு இன்றும் பாடத்தில் உண்டு; மூக்குத்துளைகளின் அமைப்பைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். 1858-இல் ஆங்கில விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர் பறவைகளை வைத்து உலகை ஆறு பகுதிகளாகப் பிரித்தபோது நான்கைப் பழைய உலகிலும் இரண்டைப் புதிய உலகிலும் வைத்தார். ஆஸ்திரேலியா அவருக்குப் பழைய உலகம்! பத்தே ஆண்டுகளில், 1868-இல், தாமஸ் ஹக்ஸ்லி அந்தக் கோட்டை அழித்து வேறு விதமாகப் போட்டார். தென்னமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒரு பக்கம். வட அமெரிக்கா, ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா மறுபக்கம். மான், கரடி, ஓநாய் ஆகியவற்றைப் பார்த்தால் கனடாவும் சைபீரியாவும் ஒரே காடுபோலத்தான் இருக்கின்றன. பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கியபோது பெரிங் பகுதியில் அவற்றுக்கிடையே தரைவழி திறந்திருந்ததே காரணம். ஸ்பானியப் பாதிரியார் ஹோசே தெ அக்கோஸ்தா 1590-இலேயே இதை ஊகித்து எழுதினார். நோவாவின் கப்பலிலிருந்து இறங்கிய நரியும் புலியும் அமெரிக்காவுக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசித்தவர், இரு நிலங்களும் எங்கோ ஓரிடத்தில் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது மிக நெருங்கியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். அங்கே வாழ்ந்த மக்களின் முன்னோரும் அதே வழியாக வந்திருக்க வேண்டும் என்றார். ரஷ்யாவுக்காகப் பயணம் செய்த மாலுமி பெரிங்கின் கப்பல், இரு நிலங்களையும் இன்று பிரிக்கும் நீரிணைக்குள் நுழைந்தது அதற்கு 138 ஆண்டுகள் கழித்து, 1728-இல்.